கோடை முடியாத தொட்டிகள்

கடல் கூண்டில் விட்ட மீன்கள் அத்தனையும் ஒரே காலையில் போய்ச் சேர்ந்தன. நோய் கண்டு செத்தால் முதலில் ஒன்றிரண்டு மிதக்கும், பிறகு கூடும், மருந்து கலக்கவாவது நேரம் கிடைக்கும். இது அப்படியில்லை. முந்தின நாள் வரை கூண்டின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்து, தீவனம் விழுந்ததும் எழும்பி வந்த தட்டை மீன்கள், விடியும்போது பலகைகளாக விறைத்துக் கிடந்தன. கடல்பனி துருவல் துருவலாக மிதந்து வந்து வலைக்குள் புகுந்திருந்தது. தம்பி ஒரு மீனை எடுத்துப் படகின் விளிம்பில் தட்டினான். மரத்தில் மரம் மோதுகிற சத்தம் வந்தது.

"அக்கா, இதைப் பாரேன்," என்றான்.

பண்ணையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தம்பி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அவளைவிட மூத்தவரான முதலாளிகூட "என்னக்கா" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். தம்பிக்குத் தொட்டிக் கொட்டகை வேலை. அக்காவுக்கு மீன் ரத்தம் பார்க்கிற வேலை. கொட்டகையில் வளர்கிற மீன்களைக் குளிர் இறுகும் முன் கடல் கூண்டுக்கு மாற்றுவார்கள். குளிர்ந்த கடலில் கிடந்தால்தான் சதை கெட்டிப்படும், வாங்குகிறவர்கள் கேட்டு வாங்குவார்கள். மாற்றலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் அக்கா. இந்த வருஷமும் அவள்தான் "மாத்தலாம்" என்றாள். அதை நம்பித்தான் கொட்டகையில் பாதி காலியானது.

அவள் வாயால் சொன்ன ஒரு சொல் இவ்வளவு மீனை விறைக்க வைத்திருக்கிறது. படகு கரைக்குத் திரும்பும்வரை அக்கா அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடல் தண்ணீரைவிட மீனின் ரத்தத்தில் உப்பு குறைவு. ஆகவே கடல் உறைவதற்கு முன்பே மீன் உறைந்துவிட வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் குளிர்க்கடல் மீன்கள் பனிக்கு நடுவே சாவதானமாக நீந்துகின்றன என்றால், அதற்குக் காரணம் அவற்றின் ஈரல் செய்து ரத்தத்தில் விடுகிற ஒரு புரதம். ரொம்பச் சின்னது, சுருள் கம்பி போன்றது. அதன் ஒரு பக்கம் மட்டும் பனிப்படிகத்தின் மேல் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். பனியை அது கரைக்காது. கரைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள்; அது தவறு. மீனின் உடம்புக்குள் வந்துவிட்ட துளிப் பனி துளிப் பனியாகவே இருக்கும். புரதங்கள் அதன் மேல் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டு, நீ இருந்துகொள், ஆனால் வளராதே என்று பிடித்து வைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலை நடக்கிறவரை மீன் பிழைத்துக் கிடக்கும்.

புரதம் இல்லாத மீனுக்கும் குளிர்ந்த தண்ணீரில் உடனே ஒன்றும் ஆகாது. உறைய வேண்டிய குளிருக்கும் கீழே போய்கூட உறையாமல் நீந்தும், தான் எவ்வளவு பெரிய ஆபத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். பனி ஒரு துணுக்கு செவுளைத் தொட வேண்டும், அவ்வளவுதான். தொட்ட இடத்திலிருந்து உடம்பு முழுக்கப் பனி ஓடிவிடும்.

முதலாளி மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார். அவருக்குத் தம்பி வைத்த பெயர் ஹீட்டர். சட்டென்று சூடாகிவிடுவார், அணைக்கவும் நேரமாகும். அன்றைக்கு அவர் கத்தவில்லை. கரையில் குவித்திருந்த மீன்களைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"தீவனத்துல கை வச்சியா?"

"சார்!"

"கேக்குறதுக்குப் பதில் சொல்லு. நல்ல தீவனத்தை வெளியில தள்ளிட்டு மட்டமானதைப் போட்டியா? சத்து இல்லாத மீன்தானே இப்படிச் சாகும்?"

"சத்தியமா இல்ல சார். என் கையால அள்ளிப் போட்டேன்."

"உன் கையைத்தான் நான் கேக்குறேன்." அவர் அக்கா பக்கம் திரும்பினார். "என்னக்கா, உன் ரத்தம் என்ன சொல்லுச்சு?"

"நல்லா இருந்துச்சு சார். புரதம் நெறையா இருந்துச்சு. நான் பாத்தேன்."

"அப்போ மீன் ஏன் செத்துச்சு?"

முதலாளி நாளைக்கு வருகிறேன் என்றார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் தம்பி பெட்டியைக் கட்டிக்கொள்ளலாம் என்றும், தீவனத் திருடன் என்று பெயர் வாங்கியவனை இந்தக் கரையில் எந்தப் பண்ணையும் சேர்க்காது என்றும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சொன்னதைச் செய்கிற ஆள் அவர். தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். இருபது வயதிலிருந்து தொட்டி கழுவியதைத் தவிர அவனுக்கு வேறு ஒன்றும் தெரியாது.

அக்கா பரிசோதனை அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செத்த மீனிலிருந்து எடுத்த ரத்தத்தை ஒரு பொட்டு குளிர்த்தட்டில் வைத்து, லென்ஸ் வழியாகப் பார்த்தாள். முதலில் எல்லாம் உறைந்தது. பிறகு மெல்லச் சூடேற்றி, ஒரே ஒரு பனித்துணுக்கு மிச்சம் இருக்கும்போது நிறுத்தினாள். இனிமேல்தான் விஷயம். மறுபடி குளிரைக் கூட்டும்போது, புரதம் உள்ள ரத்தமாக இருந்தால் அந்தத் துணுக்கு இரண்டு முனையும் கூராகி, இருந்த இடத்தில் இருந்தபடியே அசையாமல் நிற்கும். இது நிற்கவில்லை. வட்டமாக, வழவழவென்று, எண்ணெய்ப் பொட்டு போலப் பரவிக்கொண்டே போய்ப் பார்வையை அடைத்தது.

புரதம் கிடையாது. குறைவு என்றுகூடச் சொல்ல முடியாது, சுத்தமாகக் கிடையாது.

பின் அறையில் இருந்த மீன் ஒன்றின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தாள். அதில் துணுக்கு கூராகி நின்றது. எவ்வளவு குளிரைக் கூட்டியும் அடம்பிடித்து நின்றது. கடைசியில், இதற்கு மேல் தாங்காது என்ற கட்டம் வந்ததும் ஊசி ஊசியாக வெடித்துச் சிதறியது. அருமையான ரத்தம். மாற்றுவதற்கு முன் அவள் பார்த்ததும் இதே பின் அறை மீனைத்தான். பெரிய தொட்டிகளில் வலையைப் போட்டால் மொத்த மீனும் மிரண்டு தீவனத்தைத் தொடாமல் கிடக்கும் என்று, பரிசோதனைக்கென்றே ஒரு சின்னத் தொட்டியைப் பின் அறையில் வைத்திருந்தார்கள். அதே குஞ்சு, அதே தண்ணீர், அதே தீவனம். வருஷா வருஷம் அதிலிருந்து எடுத்துத்தான் பார்ப்பாள். வருஷா வருஷம் சரியாகவும் இருந்தது.

அதே தீவனம் என்று மனதுக்குள் சொன்னதுமே தம்பி மேல் தவறில்லை என்று தெரிந்துவிட்டது. அக்காவுக்கு அழுகையே வந்தது. முதலாளியிடம் அந்தக் கூர்த் துணுக்கைக் காட்டினால் போதும், தம்பி தப்பிவிடுவான். ஆனால் அவர் அடுத்த கேள்வி கேட்பார். பின் அறைக்கும் கொட்டகைக்கும் என்னதான் வித்தியாசம்?

யோசித்தபடியே கதவைத் திறந்து வெளியே வந்தாள். வெளியே பொழுது சாய்ந்து நீலமாகிவிட்டிருந்தது. பின் அறையின் ஒற்றை ஜன்னல் இருண்டு கிடந்தது. அங்கே பல்பு ஃபியூஸ் போய், யாரும் மாற்றாமலே விட்டிருந்தார்கள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் கொட்டகை மட்டும் பட்டப்பகலாக எரிந்துகொண்டிருந்தது. திறந்திருந்த கதவு வழியே, தினமும்போல, அப்பா தெரிந்தார். பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, முழங்காலில் கையை ஊன்றி, தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அக்கா இருண்ட ஜன்னலையும் எரிகிற கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மீன் நாட்காட்டி பார்ப்பதில்லை. தண்ணீர் குளிர்ந்த பிறகு புரதம் செய்ய ஆரம்பித்தால் அதற்குள் செத்துவிடும் என்பதால், பகல் குறுகுவதைப் பார்த்தே ஈரல் வேலையைத் தொடங்குகிறது. கோடை போய்விட்டது, குளிர் வரப்போகிறது என்று வெளிச்சம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். மற்ற வருஷங்களில் கொட்டகைக்குக் கூரைக் கண்ணாடி வழியாக வருகிற வெயில்தான் வெளிச்சம். பொழுது சாய்ந்தால் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த வருஷம் பொழுது சாய்ந்த பிறகும் விளக்கு எரிந்தது. இலையெல்லாம் உதிர்ந்து, வெளியே பனி விழ ஆரம்பித்த பிறகும், கொட்டகைக்குள் நீண்ட கோடைப் பகல் ஓடிக்கொண்டே இருந்தது. பின் அறை மீன்களுக்குத் தெரிந்த குளிர்காலம் இவற்றுக்குத் தெரியவே இல்லை.

அப்பாவுக்காக விளக்கை அணைக்காதே என்று தம்பியிடம் சொன்னதும் அக்காதான்.

அப்பா கடலுக்குப் போனவர். அவர் பிடித்து வருவதை அம்மா விற்பாள். பொழுதோடு கரைக்கு வந்து, இருட்டும் முன் மீனை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அதுவரை அப்பா மீனுக்குக் காவல் இருப்பார். அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. அப்பாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்ததிலிருந்து, அம்மா செத்ததுதான் முதலில் மறந்தது. வீட்டில் உட்கார வைத்தால் அலமாரியைத் திறந்து பார்ப்பார், கதவுக்குப் பின்னால் பார்ப்பார், தெருவில் இறங்கிவிடுவார். ஒருநாள் தம்பி வேலைக்கு வரும்போது கூடவே கூட்டிவந்தான். தொட்டி நிறைய மீனைப் பார்த்ததும் அப்பா சாந்தமாகிவிட்டார். இன்றைக்கு வலையில் நல்ல பாடு, உங்கம்மா வந்து எடுத்துக்கட்டும் என்று கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வெளிச்சம் இருக்கிறவரை அம்மா வர இன்னும் நேரமிருக்கிறது. கண் சொருகும்போது தம்பி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் படுக்க வைப்பான். அம்மா வராமல் போன வேளை என்று ஒன்று அவருக்கு வரவே இல்லை.

அக்கா தம்பியை ஓரமாக அழைத்துச் சொன்னாள். அவன் கொட்டகையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இதை அவர்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்லாம?"

"தீவனம்னே இருக்கட்டும்க்கா."

"பைத்தியமாடா உனக்கு? திருடன்னு சொல்லி அனுப்புவாரு உன்னை."

"அனுப்பட்டும். உனக்கு வேலை இருக்குல்ல, வீடு இருக்குல்ல. நான் எங்கயாவது மூட்டை தூக்கிப் பொழச்சுக்குவேன். அப்பாவுக்கு இதை விட்டா என்ன இருக்கு?" கொட்டகைப் பக்கம் கை காட்டினான். "கொட்டகைக்கு வர விடமாட்டாங்கன்னா அவர் எங்க போய் உக்காருவாரு?"

"மீதிப் பாதி மீன் உள்ள இருக்கேடா. அதையும் கடல்ல விட்டுச் சாகடிக்கவா? வாயை மூடிக்கிட்டு நான் மறுபடி மாத்தலாம்னு சொல்லணுமா?"

உள்ளே இருந்து அப்பா, "யாரு அங்க? குளிருது, கதவைச் சாத்திட்டு வாங்க," என்று சத்தம் போட்டார்.

மறுநாள் முதலாளியை லென்ஸுக்கு முன்னால் உட்கார வைத்து, இரண்டு ரத்தத்தையும் காட்டி, அக்கா ஒன்றையும் மென்று விழுங்காமல் சொன்னாள். ஒன்று வட்டமாகப் பரவுவதையும் மற்றது கூராகி நிற்பதையும் அவர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவருக்குச் சூடேறும் என்று அவள் பயந்தாள். ஏறவில்லை, அதுதான் கொடுமை. கத்தியிருந்தால் இவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள்.

"தம்பிகிட்ட நான் பேசினது தப்பு. அவன்கிட்டயே சொல்லிடறேன்," என்றார். அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். "பெரியவர் இனிமே கொட்டகைப் பக்கம் வரக்கூடாதுக்கா. பொழுது சாஞ்சா பூட்டிடணும்."

"தொட்டியையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிடறோம் சார். ஒரே ஒரு விளக்கு, ஓரமா..."

"உன்னை நம்பித்தான் ஒரு கூண்டைப் பறிகொடுத்தேன். மறுபடி ஒண்ணு பறிகொடுக்க என்னால முடியாது. சொட்டு வெளிச்சம்கூட வேணாம்."

அவர் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள். தம்பியின் வேலை தப்பியது. மிச்ச மீன்களை வாரக்கணக்கில் சீக்கிரமே இருட்டில் வைத்தால் ஈரல் விழித்துக்கொள்ளும், பிறகு கடலில் விடலாம். எல்லாமே சரியாகிவிட்டது, அப்பாவைத் தவிர.

அன்று மாலை தம்பி ஒரு பெரிய டப்பில் ஐந்தாறு மீனைப் போட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தான். சமையலறையில் வைத்து, இருக்கிற விளக்கையெல்லாம் போட்டு, முன்னால் ஸ்டூலையும் போட்டான். அப்பா வந்து குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா இன்னிக்கு?"

"ஆமாப்பா. பாடு கம்மி."

"பொய் சொல்லாதடா. எப்பவும் எவ்வளவு கெடக்கும்! மீதியை எவன் அள்ளிட்டுப் போனான்?"

அவர் கோட்டைக்கூட மாட்டாமல் வெளியே போய்விட்டார். இருவரும் பின்னாலேயே பண்ணை வரை ஓடினார்கள். கொட்டகைக் கதவில் பூட்டுத் தொங்கியது. அப்பா கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார், கையால் தட்டினார், பிறகு திரும்பி வானத்தைப் பார்த்தார்.

"இருட்டிடுச்சே," என்றார். "நல்லாவே இருட்டிடுச்சே. உங்கம்மா ஏன் இன்னும் வரல?"

அவர் அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினார். "வழியில எதுவும் ஆயிடுச்சா? என்னன்னு சொல்லேன்ம்மா!"

அக்கா உண்மையைச் சொன்னாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னாள். அப்பா அதை முதல்முறையாகக் கேட்டார். கேட்டு, பனியில் அப்படியே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். இரண்டு பேருமாகத் தூக்கித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவில்லை. மாலையானதும் மறுபடி பூட்டிய கதவு, மறுபடி இருட்டு, மறுபடி அதே கேள்வி. அக்கா மறுபடி சொன்னாள். அவர் மறுபடி முதல்முறையாகக் கேட்டார்.

"வேணாம்க்கா," என்றான் தம்பி. "தெனமும் அவர்கிட்ட அம்மாவைச் சாகடிக்காத. ஏதாவது பொய் சொல்லு."

அதற்கும் அடுத்த நாள், இருட்டியதும் அப்பா எழுந்தார். அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள். பகல் முழுக்க யோசித்து வைத்ததைச் சிரித்த முகமாகச் சொன்னாள்.

"அம்மா வந்தாங்கப்பா. கொட்டகையில இருந்த மீனையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நல்ல மீன்னு சொன்னாங்க."

"எப்போ?"

"இப்பத்தான். நீங்க கண்ணசந்துட்டீங்க."

அப்பா ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். அழவில்லை. வெளியே ஓடவில்லை. தம்பி மூச்சு விட்டான். பலித்துவிட்டது என்று அக்காவுக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது.

"என்னை எழுப்பலையா அவ?"

"நல்லாத் தூங்குறாரு, எழுப்ப வேணாம்னு சொன்னாங்க."

"எழுப்பாமப் போக மாட்டாளே." அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "ஒரு நாளும் பேசாமப் போனதில்ல. என்மேல கோபமா?"

"இல்லப்பா, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"கோபம்தான். நான் என்ன பண்ணேன்னு சொன்னாளா?"

அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. தட்டில் வைத்ததைத் தொடாமல், டப்பில் இருந்த மீனையும் பார்க்காமல், சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்துவிட்டுப் படுக்கப் போனார்.

காலையில் அக்கா தேநீரோடு போனபோது அவர் முன்பே எழுந்து படுக்கையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முந்தின நாள் நினைவிருந்ததே கிடையாது. சாப்பிட்டது, குளித்தது, அழுதது, எதுவுமே தங்கியதில்லை. அவர் டம்ளரை வாங்கவில்லை, அவள் முகத்தையே பார்த்தார்.

"அவளுக்குக் கோபம் தணிஞ்சிடுச்சாம்மா?"

அக்கா டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "தணிஞ்சிடுச்சுப்பா," என்றாள்.

"அப்போ இன்னிக்கு என்னைப் பாக்காமப் போகமாட்டா," என்று சொல்லிவிட்டு, அவர் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.